இறங்கிய மிதி

மருத்துவர் சொன்னது இவ்வளவுதான்: "திடீர்னு பிரேக் அடிச்சா வலிக்கக் கூடாது. கால் தயங்கக் கூடாது. அது சரியா இருந்தா ஓட்டுங்க."

வலது முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து ஜெபசீலி இந்த வார்த்தைக்குத்தான் காத்திருந்தாள். தொழிற்சாலைப் பெண்களை ஷிப்டுக்கு ஏற்றிப்போகும் வேன் அவளுடையது. திங்கட்கிழமை வராவிட்டால் வேறு வண்டி என்று கம்பெனி சொல்லிவிட்டது. மாதேஸ்வரி தினமும் ஃபோன் செய்தாள்: "அக்கா, எப்ப வர்றீங்க?" வேனுக்குத் தினமும் தாமதமாக ஓடிவருகிறவள் அவள்.

விடிந்ததும் ஜெபசீலி சத்தமில்லாமல் வேனில் ஏறினாள். பிரேக்கை மிதித்தாள். இறங்கியது. மறுபடியும் இறங்கியது. அடுத்த மிதி கல்லாக நின்றது. எவ்வளவு அழுத்தியும் அசையவில்லை.

உள்ளே வந்து சாவியைக் கணவன் அருள்ஜோசப்பிடம் நீட்டினாள். "வேற டிரைவரப் பாருங்க. கால் ஓஞ்சு போச்சு."

அவன் முழுக்கதையும் கேட்டான். "வண்டிய ஸ்டார்ட் பண்ணியா?"

"பண்ணா நீங்க எழுந்து வந்துருவீங்களே."

சிரித்ததில் அவனுக்குப் புரை ஏறியது. "இத்தன வருசமா ஓட்டுற. இன்ஜின் ஓடலன்னா பிரேக் இறுகிக்கும்னு தெரியாதா?"

தெரியும். காலை நினைத்த பயத்தில் வண்டியை மறந்திருந்தாள்.

மாநில எல்லையோர மத்திகிரியில் மாட்டுப்பண்ணை ஓரத்துச் சாலை காலியாகக் கிடந்தது. அருள்ஜோசப் பக்கத்தில் உட்கார்ந்தான். "நான் 'நிறுத்து'ம்பேன். அப்ப பிரேக் அடி."

வேன் உருண்டது. இரண்டாவது கியர். மூன்றாவது.

பண்ணைச் சந்திலிருந்து ஒரு பைக் இரு பக்கமும் பார்க்காமல் பாய்ந்தது. அவள் யோசிக்கவில்லை. கால் தானாகவே பிரேக்குக்குப் போய்விட்டது. மிதி முழுதாக இறங்கியது. வேன் குலுங்கி நின்றது.

பைக்கில் வந்தவன் கன்னடத்தில் கத்தினான்: "நோட்கொண்டு ஓட்சம்மா!"

பார்த்து ஓட்டச் சொல்கிறான், பார்க்காமல் வந்தவன். ஜெபசீலி ஜன்னலில் தலையை நீட்டி அதே கன்னடத்தில் அவனுக்குத் திருப்பிக் கொடுத்தாள், பழைய குரலில். அவன் பைக்கை முறுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

முழங்காலைத் தடவினாள். வலியில்லை. இன்னொரு முறை தடவினாள்.

டாஷ்போர்டைப் பிடித்தபடி இருந்தான் அருள்ஜோசப். "நான் இன்னும் 'நிறுத்து'ன்னே சொல்லல."

"நீங்க சொல்ற வரைக்கும் அவன் இருந்திருப்பானா?" கியரைப் போட்டாள். "மாதேஸ்வரிக்கு ஃபோன் போடுங்க. திங்கக்கிழம வண்டி வருது. லேட்டா வந்தா விட்டுட்டுப் போயிருவேன்னு சொல்லுங்க!"