இரண்டு முழத்தில் நிற்கும் பந்து

1
இந்தக் கதை எனக்குச் சும்மா கிடைத்தது. சும்மா கிடைப்பதை நம்பாதே என்பது எங்கள் பாத்திரக் கடைப் பாடம். திருத்தணி ஸ்டேஷன் பெஞ்சில் ஒரு பெண் செல்போனில், "ஒண்ணு சேத்துப் போடாம வுட்டுட்டேன். இப்ப அந்த மனுசன் மானம் போவப் போவுது" என்று அடிக்குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். அதுதான் கைமுதல். மீதியெல்லாம் நான் மேலே வைத்தது.

2
தொடக்கம் ஒன்று: 'மலைமேல் முருகன் பார்த்திருக்க, கீழே பச்சைப் புல்வெளியில்...' (அடித்துவிட்டேன். முருகனுக்கு வேறு வேலை இருக்கிறது.)

தொடக்கம் இரண்டு: வசந்தி மலையடிவாரத்தில் பதினோரு வருசம் பூ விற்றவள். இப்போது திருப்பதி ரோட்டில், ஒரு ரிசார்ட்டுக்குப் பின்னாலிருக்கும் ஒன்பது குழி கோல்ஃப் மைதானத்தில் வெங்கடேசன் சாருக்கு மட்டைப் பை தூக்குகிறாள். சாரின் போனில் ஒரு ஜிபிஎஸ் ஆப். தூரத்து அடிகளை அதுவே குறித்துக்கொள்ளும். குழியருகே பந்தை உருட்டும்போதுதான் தடுமாறும். ஆள் நிற்பது புல்லில், புள்ளி காட்டுவது குளத்தில். எத்தனை உருட்டல், எவ்வளவு தூரம் என்பதைக் கையால்தான் போட வேண்டும்.

"எவ்ளோ தூரம்மா?"

"ரெண்டு முழம் சார்."

டேப் வைத்து அளந்தார். விரற்கடை பிசகவில்லை.* அன்றே போன் அவள் கைக்கு வந்தது.

(* முழம் போட்ட கை. வியாபாரத்தில் அந்தக் கை கொஞ்சம் சுருங்கும் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.)

3
பந்து குழியை ஒட்டி நின்றால், கூட ஆடுபவர் "எடுத்துக்கோங்க" என்பார். யாருமில்லாதபோது சார் தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். உருட்டாமலே விழுந்ததாக அர்த்தம். ஆனால் எண்ணிக்கையில் ஒன்று சேர்க்க வேண்டும். வசந்தி சேர்க்கவில்லை. மூணு முழம் பூவுக்குமேல் ஒரு கை கொடுத்தால் அது கொசுறு. கொசுறை எவள் முழத்தில் சேர்ப்பாள்?

(அவ்வளவு விவரமானவள் விதியைக் கேட்டிருக்க மாட்டாளா? எனக்கும் சந்தேகம்தான். ஆனால், கேட்கத் தேவையில்லை என்று நினைக்கிற இடத்தில்தான் விவரமானவர்கள் விழுகிறார்கள். கடையில் நான் பார்க்காததா?)

நாலு மாசம். எண்ணிக்கை குறைந்தவரே ஜெயிக்கும் ஆட்டம் அது; உருட்டுவதில் சார் சூரர் என்று ஆப் படம் போட்டுக் காட்டியது. அதை நம்பி நாளைய சென்னைப் போட்டிக்கு அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதை நம்பி அவரும் கிட்டத்துப் பந்துகளை உருட்டிப் பழகுவதையே விட்டுவிட்டார். அந்தப் போட்டியில் 'எடுத்துக்கோ' கிடையாது.

இன்று காலை, இன்னொருவருக்குப் பை தூக்கும் சின்னசாமி பேச்சுவாக்கில் கேட்டார்.

"எடுத்துக்கோன்னா அதையும் ஒண்ணுன்னு போட்டுடற இல்ல?"

"அது கொசுறுதானேண்ணே?"

"இன்னாம்மா நீ! நாலு மாசமா இங்க பூக்கடையா நடத்திகினு இருந்த?"

"சாராண்ட சொல்லிடட்டா?"

"ஆங், சொல்லு. நாளையிலருந்து மறுபடி முழம் போடலாம்."

4
முடிவு அ: சொல்கிறாள். வேலை போகிறது. (உண்மை சொன்னதற்குக் கூலி இதுதானா? எழுதக் கை வரவில்லை.)

முடிவு ஆ: சொல்லவில்லை. சார் எப்படியோ ஜெயிக்கிறார். (இந்தச் சரக்கை உங்கள் தலையில் கட்டினால் நாளைக்கு என் கடைப்பக்கம் வருவீர்களா?)

முடிவு இ: அவள் ரயிலேறி... (இதையும் அடித்துவிட்டேன்.)

5
சாயங்காலம், கடைசிக் குழி. சாரும் வசந்தியும் மட்டும். பந்து ரெண்டு முழத்தில் நிற்கிறது.

"போதும்மா, எடுத்துக்கலாம்." சார் குனிகிறார்.

"உருட்டிடுங்க சார்."

"எதுக்கு? இது போகாதா?"

"நாளைக்கு எடுக்க வுட மாட்டாங்க சார்."

சார் நிமிர்ந்தார். பந்தைப் பார்த்தார், போனைப் பார்த்தார், அதைப் பிடித்திருந்தவளையும் பார்த்தார். "வசந்தி, எடுத்துக்கிட்டதையெல்லாம் சேர்த்துத்தானே போட்டுக்கிட்டு வந்தே?"

அவள் வாயைத் திறந்தாள்.

என் கதையும் குழிக்கு ரெண்டு முழத்தில்தான் நிற்கிறது. 'போதும், எடுத்துக்கோ' என்று நீங்கள் பெருந்தன்மையாகச் சொல்லலாம். நானும் புத்தகத்தை மூடிவிடுவேன். ஆனால் அதுவும் எண்ணிக்கையில் ஒன்று. இந்தமுறை சேர்க்காமல் விட முடியாது.

இந்தாருங்கள் மட்டை. அவள் என்ன சொன்னாள் என்பது இனி உங்கள் கையில். உருட்டுங்கள்.