ஆர்டிஸ் சொல்லாமல் விட்ட மாத்திரை

நவம்பர் வந்துவிட்டால் மார்வாவுக்கு ஓய்வு கிடையாது. ஊர் நூலகத்தின் பின்னறையில் கம்ப்யூட்டரும் தானுமாக உட்கார்ந்து, வயதானவர்களுக்கு அடுத்த வருஷத்துக்கான மருந்துக் காப்பீட்டைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பாள். சம்பளமில்லாத வேலை. அவளுக்கே எழுபத்திரண்டு ஆகிறது. டிசம்பர் ஏழாம் தேதியைத் தவறவிட்டால் வருஷம் முழுக்கப் பழைய திட்டத்தோடுதான் மாரடிக்க வேண்டும். அதனால் மினசோட்டாப் பனியையும் பாராமல், மாத்திரைப் புட்டிகளைப் பையில் போட்டுக்கொண்டு வந்து காத்திருப்பார்கள்.

அந்த வருஷம் ஆர்டிஸ் ஹாகனும் வந்தாள். மார்வாவுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவள். முப்பது வருஷமாக வியாழக்கிழமைச் சீட்டாட்டத்தில் இருவரும் ஜோடி. கணவன் போனபின் தனியாக இருந்தாள். அவளுடைய திட்டம் மாதச் சந்தாவை ஒரேயடியாக ஏற்றியிருந்தது.

மார்வா புட்டிகளைப் பார்த்து ஒவ்வொரு பெயராகத் தட்டினாள். ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று, தைராய்டுக்கு ஒன்று.

"வேற ஏதாவது சாப்பிடறியா? எல்லாத் திட்டமும் எல்லா மருந்துக்கும் பணம் தராது. ஒண்ணு விட்டுப்போனாலும் கணக்கு தலைகீழா மாறிடும்."

ஆர்டிஸ் திரும்பிப் பார்த்தாள். தன் முறைக்காகக் காத்திருந்த எல்மர், சர்ச்சில் பாடுகிறவர், முழங்கை இடிக்கும் தூரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"அவ்வளவுதான். நான் என்ன மருந்துக்கடையா வச்சிருக்கேன்?"

எல்மர் சிரித்தார். மார்வாவும் சிரித்துக்கொண்டே, அந்த மூன்றுக்கும் மலிவாக வந்த திட்டத்தில் அவளைச் சேர்த்துவிட்டாள்.

ஜனவரியில், ஆர்டிஸ் சொல்லாமல் விட்ட நான்காவது மாத்திரையும் ஒரு மாதத்துக்குக் கிடைத்தது. இந்த ஒருமுறைதான், இது எங்கள் பட்டியலில் இல்லை என்று காப்பீட்டுக்காரர்கள் கடிதமும் போட்டிருந்தார்கள். விளம்பரமென்று நினைத்து ஆர்டிஸ் அதைப் பிரிக்கவே இல்லை. பிப்ரவரியில் மருந்துக்கடையில் சொன்ன விலை அவளால் தாங்கக்கூடியதாக இல்லை. டாக்டரை எழுதச் சொல்லி மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள். பின்னால் ஆட்கள் நின்றார்கள். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

இதெல்லாம் மார்வாவுக்குத் தெரியாது. ஆர்டிஸ் வியாழக்கிழமைகளில் வராமல் போனதுதான் தெரியும். முதலில் சளி என்றாள், அப்புறம் முழங்கால் வலி என்றாள். சர்ச்சுக்கும் வரவில்லை. மார்வா சூப் கொண்டுபோனபோது கதவைப் பாதி திறந்து வாங்கிக்கொண்டு, உள்ளே கூப்பிடாமலே சாத்தினாள். போன மாத ஆட்டத்தில் அவளைக் கடிந்துகொண்டதற்குத்தான் இந்த முறுக்கு என்று மார்வா முடிவு கட்டினாள். மூன்று வாரம் அவளும் எட்டிப் பார்க்கவில்லை.

மார்ச்சில் ஆம்புலன்ஸ் வந்தது. கழிவறைக்கு ஓடும் அவசரத்தில் விழுந்து ஆர்டிஸின் இடுப்பெலும்பு முறிந்திருந்தது. சாப்பிடும் மருந்துகளையெல்லாம் எடுத்து வரும்படி ஆஸ்பத்திரியில் மார்வாவிடம் கேட்டார்கள். குளியலறை அலமாரியில் காலிப் புட்டி ஒன்று இருந்தது. சிறுநீரை அடக்க முடியாதவர்களுக்கான மாத்திரை. எத்தனையோ பேருக்காக அவள் தட்டிய பெயர்தான். தொட்டி விளிம்பில் துவைத்த துண்டுகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன.

ஆஸ்பத்திரியில் கட்டிலருகே உட்கார்ந்து கேட்டாள். "ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"எல்மர் உக்காந்திருந்தாரே."

அன்றைக்கே மார்வா அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். நூலகத்தில் பக்கத்து அறை காலியாகத்தான் இருந்தது.

டாக்டர் எழுதினார். மூன்றே நாளில் காப்பீட்டுக்காரர்கள் மாத்திரைக்குச் சம்மதித்தார்கள். அந்த மூன்று நாள்தான் மார்வாவை அரித்தது. எலும்பு சரியாகக் கூடவில்லை. மே மாதம் மகன் ஆர்டிஸை டுலூத்தில் தன் வீட்டருகே ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தான். வீட்டை விற்பனைக்குப் போட்டார்கள்.

புறப்படும் முன் ஆர்டிஸ் மார்வாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பையன்கிட்ட சொல்லிடாத. வாசப்படி ஐஸ்ல வழுக்கிட்டேன்னு சொல்லியிருக்கேன்."

ஜூனில் அவன் போன் செய்தான். ஐஸ் உருக வாசலில் உப்பு போடச் சொல்லி எத்தனை தடவை அம்மாவிடம் தலையால் அடித்துக்கொண்டேன் என்று புலம்பினான். ஆமாம், அன்றைக்கு வாசலெல்லாம் ஐஸ்தான் என்றாள் மார்வா.

"அம்மாவோட இன்சூரன்ஸ் எல்லாம் நீங்கதான் பாத்துக் குடுத்தீங்களாம். ரொம்ப நன்றிங்க."

"அதனால என்னப்பா" என்று சொல்லிவிட்டு மார்வா போனை வைத்தாள்.