குறை இல்லாத பெட்டி

அந்தப் பெட்டி மறுபடியும் திரும்பி வந்திருந்தது. போர் விமானத்தில் விமானி தரையோடு பேசுவதற்கான ரேடியோ அது. இறங்கும் நேரத்தில் ஊமையாகிவிடுகிறது என்று புகார். திருப்போரூர்ப் பட்டறையின் மேஜையில் ஏற்றினாலோ மணிமணியாகப் பேசும். ‘குறை இல்லை’ என்று முத்திரை குத்தி அனுப்புவார்கள். போய் ஊமையாகி, மறுபடி வரும். இப்படிப் போய் வருகிற செலவில் புதுசாகவே ஒன்று வாங்கியிருக்கலாம்.

முத்திரை குத்த வேண்டியவள் ஜாக்குலின். இந்த முறை குத்துவதில்லை என்று காலையிலேயே முடிவு செய்துவிட்டாள். டீ குடிக்க ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் அவள் மூக்குக்கண்ணாடியில் நீராவி படிந்தது. தினமும் படிவதுதான். துப்பட்டாவால் துடைக்கப் போனவள் அப்படியே நின்றாள். மேலே குளிரில் பறந்த பெட்டி இந்தக் கடற்கரைக் காற்றுக்குள் இறங்கினால் அதற்கும் இப்படித்தானே வியர்க்கும்? மெக்கானிக் வந்து பார்ப்பதற்குள் காய்ந்தும் போயிருக்கும்.

மோர் எடுக்க வந்த மேனேஜர் ஆனந்தன், ஃப்ரிட்ஜுக்குள் ரேடியோவைப் பார்த்தார்.

“இன்னா ஜாக்குலின் இது? சாயந்தரம் வண்டி வந்துடும். சீல் போட்டு அனுப்பு.”

“போட மாட்டேன் சார். எறங்கறப்ப பேச முடியாம தவிக்கிறவன் ஒருத்தன் கீறான் இல்ல.”

நன்றாகக் குளிர்ந்த பெட்டியைப் புழுக்கமான கூடத்துக்குத் தூக்கி வந்து மின்சாரத்தோடு இணைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. தகரத்தில் நீர் பூத்தது. அப்போதும் எரிந்தது. ஆனந்தன் கழுத்தைத் துடைத்தபடி, “சொன்னேன் இல்ல” என்று ஆரம்பித்தார். ஸ்பீக்கர் கரகரத்தது. விளக்கு அணைந்தது.

ஒரு பெட்டி செத்ததற்கு இவ்வளவு சந்தோஷப்படலாமா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. மூடியைக் கழற்றினாள். உள்ளே மின்சுற்றுப் பலகையின் மேல்பூச்சு உரிந்த இடத்தில் ஒரு சொட்டு நீர் நின்றது.

ஆனந்தன் முகத்தில் சந்தோஷம் இல்லை.

“அப்போ இதே மாரி வந்து, நாம சீல் போட்டு அனுப்பனதெல்லாம்?”

“பறந்துகினு கீது சார். திரும்பக் கூப்புடணும்.”

“கம்பெனி பேரு நாறிடும்மா.”

“நாறட்டும் சார். கூப்புடணும்.”

அவர் உள்ளே போனார். போய்விட்டாரே என்று அவளுக்கு அழுகை முட்டியது. அழுதுகொண்டு நிற்க நேரமில்லை. அவரிடமே இன்னொரு தடவை பேசிவிடுவது என்று பின்னாலேயே போனாள்.

ஃப்ரிட்ஜ் திறந்து கிடந்தது. ஆனந்தன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மோர், தண்ணீர் பாட்டில்கள், யாரோ வைத்திருந்த மல்லிகைப்பூப் பொட்டலம் என்று ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு நடுத்தட்டையும் கழற்றிச் சுவரோரம் சாய்த்தார். இனி திரும்பி வரும் பெட்டிகளில் நாலைந்தை ஒரே நேரத்தில் உள்ளே வைக்கலாம்.