நாள் தள்ளிய நாலு மாதம்

நாலு மாதமாக வள்ளியாத்தாளுக்கு நாள் தள்ளிப் போயிருந்தது. வயது நாற்பத்தாறு. லாரியோடு போன ஒரே மகன் மாதேஷ் பிணமாக வந்து சேர்ந்து இரண்டு வருஷம். அவன்தான் மறுபடி வருகிறான் என்று நம்பினாள். புருஷன் தனபாலிடம் மட்டும் சொன்னாள். ஊர்க்கண் பட்டுவிடுமென்று ஆஸ்பத்திரிக்குக்கூட உடனே போகவில்லை.

உடம்பு நினைத்தாற்போல் கொதித்தது. நெஞ்சில் பற்றிக் கழுத்தேறி, முகம் வேர்த்து ஊற்றியது. மாதேஷைச் சுமந்தபோதும் இப்படித்தான் சூடு கண்டது. அந்தச் சூட்டில் கரு கலைந்துவிடக் கூடாதே! பப்பாளியையும் எள்ளையும் விலக்கினாள். உச்சிவெயிலில் தங்கள் பண்ணையின் கோழி செட்டுக்குள் போய், கோழிகளுக்காகத் தண்ணீர் தூவும் குழாயடியில் நனைந்தபடி நின்றாள்.

"ஏம்புள்ள, நீயும் முட்டை போடப் போறியா?" என்று தனபால் சிரித்தான். மகன் போனபின் அவன் சிரித்தது அன்றுதான்.

கடைசியில் போன அஸ்தம்பட்டி ஆஸ்பத்திரியில் டாக்டர் அனிதா சோதித்துப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"கர்ப்பம் இல்லீங்கம்மா. மாதவிடாய் நிக்கற காலம் வந்திருச்சு."

"அப்பறம் இந்தச் சூடு எதுக்குங்க?"

"சினைப்பையில ஊறுற ஈஸ்ட்ரோஜன் குறையுது. உடம்புச் சூட்டைக் கவனிக்கற இடம் மூளையில இருக்கு. ஈஸ்ட்ரோஜன் குறைஞ்சா, அந்த இடம் தாங்கற அளவு சுருங்கிருது. துளி சூடு ஏறினாலும் ரொம்ப ஏறிருச்சுன்னு நினைச்சு, ரத்தத்தைத் தோலுக்கு அனுப்பி வேர்க்க வைக்குது. நீங்க சொன்னீங்களே, அந்தக் கோழி செட்டுல முப்பத்தஞ்சு டிகிரிக்குத் திறக்க வேண்டிய தண்ணி, முப்பதுலயே திறந்துக்கிட்டா எப்படியோ அப்படி."

வள்ளியாத்தாளுக்கு அது விளங்கியது. விளங்காமலே இருந்திருக்கலாம்.

"அப்ப உள்ள யாருமே இல்லீங்களா?"

"இல்லீங்கம்மா."

வெளியே தனபால் வண்டியருகே இளநீரோடு நின்றான்.

"வழுக்கையாப் பாத்து வெட்டச் சொன்னேன். ரெண்டு பேரு குடிக்கோணுமல்ல?"

பொய் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. இன்னும் ஒரு மாதம், அவன் சிரிக்கட்டுமே. ஆனால் வளராத வயிறு காட்டிக்கொடுத்துவிடுமே.

"மாதேசு வரலீங்க" என்றாள். "எனக்கு நிக்கற வயசாம். சூடு அதுக்குத்தானாம்."

தனபால் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு முகத்தைத் திருப்பாமலே இளநீரை அவள் பக்கம் நீட்டினான்.

"செரி. நீயாச்சும் குடி."