பின்னறைச் சுவரின் ஈரம்

...அதுவும் இன்றைக்குப் பார்த்தா இந்த ஈரம் இத்தனை பெரிதாகத் தெரிய வேண்டும், நேற்றுவரை ஒரு தட்டு அளவுதானே இருந்தது, இப்போது யாரோ சாய்ந்து உட்கார்ந்து எழுந்துபோன மாதிரி தோளும் முதுகுமாக விரிந்து கிடக்கிறது... கோர்ட் அனுப்பிய ஆணையர் டேப்பின் ஒரு முனையை அவளிடமே நீட்டி, "இதக் கொஞ்சம் சுவத்தோட சேத்துப் புடிங்கம்மா" என்றதும் அவளும் பிடித்துக்கொண்டாள், தன் வீட்டைத் தானே அளந்து கொடுக்கிற தலையெழுத்து வேறு யாருக்கு வரும். தன் வீடா? அதைத்தானே பார்த்து எழுதிக்கொண்டு போக வந்திருக்கிறார்கள். வாங்கிப் பத்து மாதம், விற்றவனின் அக்கா கேஸ் போட்டு நாலு மாதம். கேஸ்காரம்மா என்று அவள் வீட்டுக்காரர் பெயர் வைத்திருக்கிற அந்த அக்கா இதோ அறைவாசலில், நிலையைத் தாண்டாமல், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நிற்கிறாள். ஏன் கையில்? வெளியே விட்டால் நாங்கள் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவோமா... வீட்டையே தூக்கிக்கொண்டு போகப் பார்க்கிறவளுக்குச் செருப்பு பத்திரமாக இருக்க வேண்டுமாக்கும்.

பேசக்கூடாது, பார்த்தாலும் பார்க்காத மாதிரி இருக்க வேண்டும். வக்கீல் காலையிலேயே போன் போட்டுவிட்டார். "அந்தம்மா தண்ணி கேட்டா குடுங்க, குடிச்சு முடிச்சதும் வாய மூடிக்குங்க." "அவங்களா சார், நானா?" "ரெண்டு பேரும் மூடிட்டா என் பொழப்பு என்னாகும்? நீங்க மட்டும் மூடுங்க போதும்." சிரித்துவிட்டாள். கேஸ் மொத்தமும் ஒரே ஒரு வரியில் நிற்கிறதாம். இது நான் சொந்தமாகக் கட்டிய வீடு, எங்கக்கா இங்கே ஒருநாள்கூட இருந்ததில்லை என்று விற்றவன் சொன்னான். அப்பா கட்டிய வீடு, நான் வளர்ந்த வீடு, எனக்கும் பாதி உண்டு என்கிறாள் இவள். விற்றவன் போனை எடுப்பதே இல்லை, அவன் சொன்னதை வைத்துக்கொண்டு இவர்கள்தான் கோர்ட்டுக்குப் பதில் எழுத வேண்டியிருந்தது... ஏழாவது பத்தி, 'அவர் இந்த வீட்டில் ஒருபோதும் வசித்ததில்லை', கீழே 'எங்களுக்குத் தெரிந்தவரை உண்மை'. வீட்டுக்காரர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து இரண்டு தடவை படித்தார். அவள் சட்டென்று கையெழுத்தைப் போட்டாள், வேலை பார்க்கிற லேப்பில் ரத்தம் எடுத்ததும் சீட்டில் போடுகிற அதே கிறுக்கல். ஒன்பது வாடகை வீடு, ஒன்பது தடவை பாத்திரத்தைப் பழைய சேலையில் சுற்றியது, பத்தாவதாக ஒன்று சுற்ற முடியாது, அவ்வளவுதான்.

மாடியை அளக்க ஆணையரும் இரண்டு பக்கத்து ஜூனியர் வக்கீல்களும் ஏறிப் போனார்கள். கேஸ்காரம்மா மட்டும் ஏறவில்லை, மூட்டு வலியாம். இப்போது இரண்டே பேர். மேலே டேப் சரசரவென்று சுருளும் சத்தம். பார்க்காதே, பார்க்காதே... பார்த்தாள். அந்த அம்மாள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நோயாளியைப் பார்க்கிற மாதிரி.

"ரொம்ப ஊறுதா?"

வாயை மூடு. அவள் மூடித்தான் இருந்தாள், ஆனால் மூன்று பிளம்பர்கள் வந்து ஆளுக்கோர் இடத்தை உடைத்துப் போட்டது, பூசிய பெயின்ட் தோலாக உரிந்தது, மகள் இங்கே படுத்தால் விடிய விடிய இருமுகிறாள் என்று ஹாலுக்கு மாற்றியது, எல்லாம் எப்படித்தான் வெளியே வந்து விழுந்ததோ. கேஸ்காரம்மா கேட்டு முடித்துவிட்டு உள்ளே வந்து உள்ளங்கையைச் சுவரில் வைத்தாள்.

"இங்க ஒடச்சா ஒண்ணும் கெடைக்காதும்மா. உள்ள பழைய குழாய் படுத்துக் கெடக்கு. சமையல் மேடைக்குக் கீழ, இடது மூலையில ஒரு டைல்ஸ் ஆடும் பாரு. தூக்குனா வால்வு. அத அடச்சுடு. இறுக்கமா இருக்கும், துணி சுத்தித் திருப்பு."

"சரிக்கா."

அக்காவா? யாருக்கு யார் அக்கா... அதற்குள் படியில் காலடி. ஆணையர் பேனாவை மூடாமலே எட்டிப் பார்த்தார். "ரெண்டு பேரும் ஏதாச்சும் பேசினீங்களா?"

"இல்ல சார். தண்ணி வேணுமான்னு கேட்டேன்."

கேஸ்காரம்மா செருப்பைக் கை மாற்றிக்கொண்டாள். "வேணாம்னுட்டேன்" என்றாள்.

எல்லோரும் போன பிறகு சமையல் மேடைக்குக் கீழே மண்டியிட்டாள். ஆடியது. அப்படியே ஆடியது, கத்தி முனையை விட்டதும் பல் மாதிரிக் கழன்று வந்தது, கீழே துருப்பிடித்த வால்வு, துணி சுற்றி, பல்லைக் கடித்து, இரண்டு சுற்று. சுவருக்குள் ஏதோ பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம், பிறகு நின்றது. அவ்வளவுதானா, இத்தனை மாதத்துக் கண்ணீரும் இந்த இரண்டு சுற்றா... வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும். என்னவென்று? தானாக நின்றுவிட்டது என்றா? உண்மையைச் சொன்னால் எடுத்த எடுப்பில் கேட்பார், 'அந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்?' வக்கீலும் அதைத்தான் கேட்பார். பத்து வயது மகள்கூடக் கேட்பாள். அதுதானே முதல் கேள்வி, ஒருநாள்கூட இருக்காதவளுக்கு டைல்ஸுக்கு அடியில் இருப்பது எப்படித் தெரியும்... அவள் கேட்கவில்லையே. சரிக்கா என்றாளே. ஆச்சரியம்கூட வரவில்லையே, ஏன்?

துணி கையிலேயே இருந்தது. போன் அடித்தது, வீட்டுக்காரர்தான், எடுக்கவில்லை. வீடு பார்க்க வந்த முதல் நாள். வீட்டுக்காரர் வெளியே தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார், விற்றவன் பின்னறைக் கதவைத் தள்ளிவிட்டு, "இது அக்கா ரூ..." என்று ஆரம்பித்து, ஒருதரம் இருமி, "சாமான் போடற ரூம்" என்றான். அவன் முகத்தை அவள் பார்த்தாள். அவனும் இவள் முகத்தைப் பார்த்தான், என்ன கேட்கப் போகிறாளோ என்று. அவள் கேட்டாள். "இந்த ஜன்னல்ல காலைல வெயில் வருமா?"

நன்றாக வரும் என்று அவன் சொல்லி முடிக்கவில்லை, அதற்குள் தலையாட்டிவிட்டிருந்தாள்.