குளிப்பாட்டியவன் கண்டது

என்னைக் கட்டிய மாப்பிள்ளை கலீலுல்லாவைப் பம்பாய்த் தாராவியில் எல்லோரும் மரியாதையாக ஹஜரத் என்பார்கள். பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கிற முத்தவல்லி இனாயத்துல்லா முதலாளி மட்டும் 'லெப்பே' என்று கூப்பிடுவார், வேலைக்காரனை அதட்டுகிற மாதிரி. பள்ளிவாசல் நிலம் அவருடையது. பக்கத்துத் தோல் கிடங்கு அவருடையது. நாங்கள் இருந்த ஒற்றை அறையும் அவருடையது. அதனால் இவரும் வருஷக்கணக்காகச் "சரி முதலாளி" என்றே காலம் தள்ளினார். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஐந்து வேளை தொழ வைப்பது, பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பது, நிக்காஹ் நடத்துவது, செத்தது ஆண் என்றால் மய்யித்தைக் குளிப்பாட்டிக் கபன் துணி உடுத்துவது, இதெல்லாம் இவர் வேலை. மேலப்பாளையத்திலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் வந்து தோல் கிடங்கில் வெந்து செத்தவர்களுக்கெல்லாம் கடைசிக் குளியல் இவர் கையால்தான். அதற்கு ஒரு சட்டம் உண்டு. மய்யித்தின் உடம்பில் கண்ட குறையைக் குளிப்பாட்டியவன் வெளியே சொல்லக் கூடாது. என்னிடம்கூட மூச்சு விடமாட்டார்.

சீனாச் சண்டை முடிந்த மறுவருஷம், கிடங்கின் கழிவுக் குழியில் சலாவுதீன் செத்துப்போனான். குடித்துவிட்டுத் தவறி விழுந்தான் என்றார் முதலாளி. கூட வேலை பார்த்தவர்கள் வாயைத் திறக்கவில்லை. முதலாளிக்கு வேண்டிய டாக்டர் ஒருவர் சீட்டும் கொடுத்துவிட்டார்.

"லெப்பே, மத்தியானம் லுஹருக்குள்ள அடக்கிரணும். தொழ வைக்கும்போது, குடிச்சுக் கெட்டுப்போனவன், அல்லா மன்னிக்கட்டும்னு ஒரு வார்த்த சொல்லிப்போடும்" என்று எங்கள் வாசலில் நின்றே உத்தரவு போட்டார். இவர் தலையாட்டினார்.

சலாவுதீன் பெண்டாட்டி செய்யதலி பாத்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "லாத்தா, அவுக ஒரு சொட்டு தொட்டது கெடையாது. எம்புள்ள இனிமே குடிகாரன் மவனா திரியணுமா? ஹஜரத்து சொல்லிட்டா ஊரே நம்பிரும் லாத்தா."

குளிப்பாட்டிவிட்டு வந்தவர் முகமே சரியில்லை.

"என்ன பாத்தீங்க?" என்றேன்.

"கேக்காத. சொல்லக் கூடாது."

"இத்தன வருசமா அந்த ஆளுக்குத் தலையாட்டுனீங்க. இன்னைக்கு மய்யித்துக்கு முன்னாலயும் ஆட்டப் போறீகளா?"

தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு போனார்.

எங்கள் ஜன்னல் பள்ளிவாசல் முற்றத்தைப் பார்த்தபடி இருக்கும். முன்வரிசையில் முதலாளி, பின்னால் கிடங்கு ஆட்கள். தொழுகைக்கு முன்னால் எப்போதும் கேட்கிறபடி இவர் கேட்டார்: "இந்த மய்யித்து யாருக்காவது தீங்கு செஞ்சிருந்தா மன்னிச்சிருங்க." எல்லோரும் "மன்னிச்சோம்" என்றார்கள். முதலாளி நினைவுபடுத்துகிற மாதிரி இருமினார்.

"இவன் குடிச்சுட்டு விழுந்தான்னு சொல்லச் சொன்னாக முதலாளி," என்றார் இவர். "குளிப்பாட்டுனவன் நான். இவன் ரெண்டு கக்கத்துலயும் நெஞ்சச் சுத்தியும் கயிறு அறுத்த தடம் கெடக்கு. தானா விழுந்தவனுக்குக் கயிறு கட்டுனது யாரு?"

"மய்யித்துல கண்டத வெளிய சொல்லுதீரே, மார்க்கம் தெரிஞ்ச ஆளாவே நீரு?" என்று சீறினார் முதலாளி.

"மய்யித்தோட கொறையத்தான் மறைக்கச் சொல்லியிருக்கு முதலாளி. ஒங்க கொறைய மறைக்கச் சொல்லல."

பின்வரிசையில் ஒருவன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். "கயித்தப் புடிச்சது நாந்தான் ஹஜரத்து. உள்ள வெசக்காத்து இருக்கு, எறங்க மாட்டேன்னுதான் சொன்னான். முதலாளிதான் எறக்குன்னாக." முதலாளி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். போலீஸ் வந்து பார்த்த பிறகுதான் சலாவுதீனை அடக்கினார்கள்.

கோர்ட்டில் கிடங்கு மேஸ்திரிக்கு ஆறு மாதம் ஜெயில். முதலாளிக்கு ஒரு கீறல்கூட இல்லை. எங்கள் சட்டிபானை சலாவுதீனை அடக்கிய மறுநாளே தெருவுக்கு வந்திருந்தது. அன்றைக்கு அழுதவன்கூட ஒரு பெட்டியைத் தூக்கிவிட வரவில்லை. வேலை போய்விடுமாம். த்தூ. தாராவியை விட்டுக் கோவண்டியில் ஒரு தகரக் குடிசை பிடித்தோம். குடிசைப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து இவர் கஞ்சி ஊற்றினார்.

சில வருஷம் கழித்து முதலாளியின் மகன் காரில் வந்து இறங்கினான். "வாப்பா மவுத்தாயிட்டாக. கடைசி வரைக்கும் ஒரே பேச்சு, தன்ன நீங்கதான் குளிப்பாட்டணும்னு. கண்டத வெளிய சொல்லாத ஆளு லெப்பதான்னாக."

"போகாதீங்க," என்றேன். அவன் காதில் விழட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன். போனார்.

மாலையில் கையில் கற்பூர வாசனையோடு திரும்பி வந்தார்.

"என்ன பாத்தீங்க அந்த ஒடம்புல? புழுத்துக் கெடந்துச்சா?"

"மய்யித்தோட கொறையச் சொல்லக் கூடாது, ஷரீஃபுன்னிசா."

"மன்னிப்புக் கேட்டீகளா சனங்ககிட்ட?"

"கேட்டேன். எல்லாரும் மன்னிச்சோம்னாக."

சோற்றுத் தட்டை அவர் முன்னால் நங்கென்று வைத்தேன். எல்லோருமாம். செய்யதலி பாத்துவை யாரும் கேட்கவில்லை. என்னையும் யாரும் கேட்கவில்லை.