சாவித் துளையில் ஒரு குடித்தனம்

ஊரிலுள்ள பூட்டையெல்லாம் திறந்துவிடுகிற பூட்டுக்காரருக்குத் தன் வீட்டு முன்கதவில் சாவி போட முடியவில்லை. சாவித் துளையில் ஒரு குளவி மண்ணை அப்பிக் கூடு கட்டிக்கொண்டிருந்தது.

முன்பெல்லாம் ஜன்னலோரம் ஒரு சிட்டிகை மண் தெரிந்தால் போதும், ஸ்க்ரூடிரைவரால் சுரண்டிவிடுவார். "அது தனியா வாழற பூச்சிங்க. நாம சீண்டாட்டி கொட்டாது, விட்டுடுங்களேன்" என்று மனைவி தலைதலையாக அடித்துக்கொள்வாள். கேட்டால்தானே! போன மாதம் சமையலறைக் கூட்டைச் சுரண்டியபோது உள்ளேயிருந்து ஒரு வெள்ளைப் புழு விழுந்து துடித்தது. "உங்ககூட எதுவும் குடியிருக்க முடியாது" என்றாள். பேச்சு முற்றி, பெட்டியோடு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு வந்தது இந்தக் குளவி. ஸ்க்ரூடிரைவரை எடுத்தவர், வைத்துவிட்டார். பின்கதவுக்கு ஒரு தொங்குபூட்டு வாங்கி, அந்த வழியாகப் போய்வரப் பழகினார். காலையில் டம்ளரோடு வாசற்படியில் உட்கார்ந்து, அது பச்சைப் புழுவைத் தூக்கமாட்டாமல் தூக்கி வருவதைப் பார்ப்பார். முதல் நாள் காதோரம் பறந்தபோது வெலவெலத்துப் போனார். ஆடாமல் இருந்தால் அது அவரைச் சட்டையே செய்யவில்லை. அதுவும் இல்லையென்றால் அந்த வீட்டில் அவருக்குப் பைத்தியம் பிடித்திருக்கும்.

கடையில் சாவி அராவிக்கொண்டிருந்தபோது மனைவியிடமிருந்து போன்.

"திரும்பி வரலாம்னு வந்தேன். சாவித் துளையில சிமென்ட்டைப் பூசி வெச்சிருக்கீங்க! அந்த ஆளுக்குச் செஞ்ச வேலையை எனக்கே செஞ்சுட்டீங்கள்ல?"

அதோடு வைத்துவிட்டாள். எந்த ஆள் என்று கேட்கத் தேவையில்லை. போன வருடம் ஒருவன், தன் மனைவி வெளியே போன நேரம் பார்த்து வீட்டுப் பூட்டை மாற்றச் சொன்னான். இவரும் மாற்றிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து இவளிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை.

ஏழெட்டு முறை கூப்பிட்டார், எடுக்கவில்லை. வீட்டுக்கு ஓடினார். ஈர மண்ணில் சாவி நுனி பதிந்திருந்தது. குளவி இரை தேடப் போயிருந்த நேரம். பின்கதவு வழியாக உள்ளே போய் ஸ்க்ரூக்களைக் கழற்றி, மண் உதிராமல் பூட்டை அப்படியே உருவித் துண்டில் பொதிந்து, அவள் அக்கா வீட்டுக்கு பஸ் ஏறினார்.

அவள் கதவைப் பாதிதான் திறந்தாள். அவர் பூட்டை நீட்டினார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். மண்ணுக்குள் சுருண்ட பச்சைப் புழு தெரிந்தது.

"நீங்களா சுரண்டாம விட்டீங்க?"

"நீ போனப்புறம் மனசு வரலை."

"அப்ப நம்ம கதவு?"

"ஓட்டையாக் கெடக்கு. தள்ளினா திறந்துக்கும்."

"பூட்டுக்காரர் வீட்டுக்கே பூட்டு இல்லையா!" அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. சட்டென்று நிறுத்தினாள். "ஐயோ, அது இரையோட வந்து வீட்டைக் காணோம்னு தேடுமே."

பூட்டை மறுபடி துண்டில் சுற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

"என் பெட்டியை நீங்க எடுத்துக்கங்க" என்றாள். "சீக்கிரம்."